ஆபீஸுக்குப் போகாத நாளுக்கு என்கிட்ட மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேக்காதீங்க

1/
வாரத்துல அஞ்சு நாளும் ஆபீஸ் வரணும், வராட்டி சம்பளத்துல கை வைப்போம்னு ஐடி கம்பெனிகள் விதி போட்டிருக்கு. அந்த விதியோட பக்கவிளைவு சென்னை, பெங்களூரோட நிக்கல. விருதுநகர் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசை வரைக்கும் வந்துருச்சு. ஒரு அரசு மருத்துவரா இதைப் பத்தி நீளமா ஒரு இழை எழுதுறேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

2/
முதல்ல விதி என்னன்னு பாப்போம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தப்போ லேப்டாப்பைக் கையில கொடுத்து வீட்டுக்கு அனுப்புனாங்க. மூணு வருஷம் வீட்ல இருந்தே வேலை ஓடுச்சு. அப்புறம் 2023 அக்டோபர் 1 முதல் வாரம் 5 நாளும் அலுவலகம் வரணும்னு டி.சி.எஸ். சொன்னது. 2024 ஏப்ரலில் இன்னொரு படி மேல போய், காலாண்டுக்கு ஒரு முறை வர்ற வேரியபிள் பே-யை வருகைப்பதிவோட சேர்த்துக் கட்டிட்டாங்க.

3/
செய்திகள்ல வந்த கணக்கு இதுதான்.
வருகை 60 சதவீதத்துக்குக் கீழே: வேரியபிள் பே கிடையாது.
60 முதல் 75 வரை: பாதி.
75 முதல் 85 வரை: முக்கால்.
85க்கு மேலே: முழுசு.
நீங்க செஞ்ச வேலை நல்லாருந்துச்சா, வாடிக்கையாளர் திருப்தியா இருந்தாரா என்பதெல்லாம் தனிக் கதை. முதல் வாசல் கார்டு தேய்க்குற மெஷின்தான்.

4/
ஒரு காலாண்டுக்கு 62 வேலை நாள்னு வச்சுக்குவோம். 85 சதவீதத்தைத் தாண்ட 53 நாள் போகணும். அதாவது 9 நாள்தான் தவறலாம். ஒருத்தருக்கு டெங்கு வந்து, தட்டணு குறைஞ்சு, அட்மிட் ஆகி, தேறி வர 10 வேலை நாள் ஆகுதுன்னா? அந்த நாட்களைக் கணக்குல இருந்து கழிக்கலைன்னா அவர் 83.9 சதவீதம். வேரியபிள் பே-ல கால்வாசி காலி. கொசு கடிச்சதுக்கு அபராதம்.

5/
"மெடிக்கல் லீவைக் கழிச்சிருவாங்க டாக்டர்"னு சொல்வீங்க. கழிக்கட்டும், சந்தோஷம். ஆனா பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது. நோய்னு சொன்னா மட்டும்தான் கணக்குல இருந்து தப்பிக்கலாம்னு விதி இருந்தா, எல்லாருக்கும் நோய் வரும். தப்பிக்குற கதவோட சாவியை எங்க கையில கொடுத்துட்டாங்க. நாங்க அந்தச் சாவியைக் கேக்கவே இல்ல.

6/
இது ஒரு கம்பெனி கதை மட்டும் இல்ல. இன்போசிஸ் 2025 மார்ச்சில் இருந்து மாசத்துக்குக் குறைஞ்சது 10 நாள் அலுவலகம்னு கறாராக்குச்சு. அமேசான் உலகம் முழுக்க 2025 ஜனவரியில இருந்து வாரம் 5 நாள்னு உத்தரவு போட்டது. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் இன்ஜினியரிங் படிச்சு வெளியூர் போன பிள்ளைங்க இல்லாத தெரு இன்னைக்குக் கம்மி. அதனாலதான் இது எங்க ஊர் பிரச்சினையும்கூட.

7/
சர்ட்டிபிகேட் கேட்டு வர்றவங்க மூணு வகை.
ஒண்ணு: நிஜமாவே உடம்பு முடியாம ஊருக்கு வந்தவங்க.
ரெண்டு: அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு, பாக்க ஆள் இல்லன்னு வந்தவங்க. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வராந்தாவுல லேப்டாப்பைத் தொடையில வச்சு வேலையும் பாத்துருப்பாங்க.
மூணு: திருவிழாவுக்கு வந்து ரெண்டு நாள் சேர்த்துத் தங்கிட்டவங்க.
இதுல முதல் வகைக்கு மட்டும்தான் நான் கையெழுத்துப் போட முடியும்.

8/
ரெண்டாவது வகையைப் பாருங்க. அந்தத் தம்பி வேலையை விடல. வேலை முடிஞ்சு போச்சு, ஒரு மீட்டிங் தவறல. ஆனா அவர் கார்டு மெஷின்ல விழல. அப்பாவைப் பாத்துக்கிட்டேன்னு உண்மையைச் சொன்னா "வரவில்லை". எனக்கு டைபாய்டுன்னு பொய் சொன்னா "மருத்துவ விடுப்பு". உண்மைக்குத் தண்டனையும் பொய்க்குச் சலுகையும் கொடுக்குற விதியை யார் எழுதினாலும் அது கெட்ட விதிதான்.

9/
"ஒரு கையெழுத்துதானே சார், உங்களுக்கு என்ன போகுது?"
நிறையப் போகும். 2002 மருத்துவர் நடத்தை விதிமுறைகள்படி பொய்ச் சான்றிதழ் கொடுக்குறது தொழில்முறைக் குற்றம். பதிவேட்டுல இருந்து பேரையே நீக்கலாம். கொடுக்குற ஒவ்வொரு சான்றிதழுக்கும் பதிவேடு வைக்கணும், நோயாளியோட அங்க அடையாளம் எழுதணும், நகல் வைக்கணும். போன மாசத் தேதி போட்டுக் குடுங்கன்னு கேக்குறது என் பத்து வருஷப் படிப்பையும் வேலையையும் கேக்குறதுக்குச் சமம்.

10/
இதுல பெரிய நஷ்டம் எனக்கு இல்ல, முதல் வகை ஆளுக்குத்தான். பொய்ச் சீட்டு பெருகப் பெருக ஹெச்.ஆர். எந்தச் சீட்டையும் நம்புறதில்ல. நிஜமா மஞ்சள் காமாலை வந்தவன்கிட்ட "ஸ்கேன் எங்க, ரத்தப் பரிசோதனை எங்க, அரசு ஆஸ்பத்திரி சீல் எங்க"ன்னு கேள்வி. தேவையில்லாத டெஸ்ட் எழுதச் சொல்லி வர்றாங்க. நோயாளி தான் நோயாளின்னு நிரூபிக்க அலையுற நிலைமை.

11/
இன்னொரு பக்கம், சதவீதத்துக்குப் பயந்து நோயோட ஆபீஸ் போறவங்க. ஏசி போட்டு ஜன்னல் அடைச்ச ஹால்ல ஒரு ஃப்ளூ காய்ச்சல்காரர் ஒன்பது மணி நேரம் உக்காந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? கொரோனா நமக்குக் கத்துக்கொடுத்த ஒரே பாடம், உடம்பு சரியில்லைன்னா வீட்ல இருங்கிறதுதான். அதையே இப்ப சம்பளத்தைப் பிடிச்சு மறக்கடிக்கிறாங்க.

12/
எல்லாருக்கும் பயன்படட்டும், சேமிச்சு வச்சுக்குங்க.
சின்னம்மை: எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பக்கு கட்டுற வரை வெளிய போகக்கூடாது.
பொன்னுக்கு வீங்கி: வீக்கம் வந்ததுல இருந்து 5 நாள்.
மெட்ராஸ் ஐ: கண்ணுல நீரும் பூளையும் வடியுற வரை.
ஃப்ளூ: காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும்.
சளியில் கிருமி இருக்குற டி.பி.: சிகிச்சை தொடங்கி முதல் ரெண்டு வாரமாவது. எப்ப திரும்பலாம்னு டாக்டர் சொல்லணும்.
இந்த நாட்களுக்குக் கேளுங்க, தாராளமா எழுதித் தர்றேன்.

13/
கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பெத்தவங்களுக்கும் ஒண்ணு. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு கொடுத்தது. அதோட, விடுப்பு முடிஞ்ச பிறகு வேலையின் தன்மை அனுமதிச்சா, ரெண்டு தரப்பும் பேசி ஒத்துக்கிட்டு வீட்ல இருந்து வேலை பாக்கலாம்னும் சொன்னது. எத்தனை பொண்ணுங்களுக்கு இது தெரியும்? தாய்ப்பால் கொடுக்குற பொண்ணு முதுகுவலின்னு பொய் சொல்லி என்கிட்ட சீட்டு வாங்க வேண்டியதில்ல. அந்தச் சட்டத்தைக் காட்டி எழுத்துல கேளும்மா.

14/
இனி கம்பெனிகளோட வாதத்துக்கு வர்றேன். "நேர்ல வந்தாதான் வேலை நல்லா நடக்கும்."
2024-ல் நேச்சர் ஆய்விதழில் ஒரு சோதனை வெளிவந்தது. நிக்கோலஸ் ப்ளூம் குழு, சீனாவின் ட்ரிப்.காம் கம்பெனியில 1,600 பேருக்கு மேல வச்சுப் பண்ணுனது. வாரம் 2 நாள் வீட்ல இருந்து வேலை செஞ்சவங்களோட வேலைத் தரமும் பதவி உயர்வும் குறையல. வேலையை விட்டுப் போறவங்க எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. இது சும்மா கருத்துக்கணிப்பு இல்ல. மருந்துக்குப் பண்ற மாதிரி குலுக்கல் முறையில ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பண்ணுன சோதனை.

15/
"புதுசா சேர்ந்த பசங்க சீனியர் பக்கத்துல உக்காந்தாதான் கத்துக்க முடியும்."
ஒத்துக்குறேன். நானே அப்படித்தான் கத்துக்கிட்டேன். தையல் போடுறதை யூடியூப் பாத்து யாரும் கத்துக்க முடியாது. அப்படின்னா புதுசா சேர்ந்தவங்களுக்கும் அவங்களுக்குக் கத்துக்கொடுக்குறவங்களுக்கும் வருகை விதி போடுங்க. டீம் முழுக்க வேற நாட்டுல இருக்க, இங்க ஆபீஸ்ல ஹெட்போன் மாட்டி வீடியோ கால் பேசுறவரை எதுக்காக ரெண்டு மணி நேரம் டிராபிக்ல உக்கார வைக்கிறீங்க?

16/
"ரெண்டு கம்பெனிக்கு வேலை பாத்து ஏமாத்துறானுங்க."
ஏமாத்துனவரைக் கண்டுபிடிச்சு நடவடிக்கை எடுங்க. ஒருத்தன் திருடுனான்னு தெருவுல எல்லாருக்கும் அபராதம் போடக்கூடாது.

17/
அடுத்து நம்ம மக்கள் கேக்குற கேள்வி. "நர்ஸ் போறாங்க, கண்டக்டர் போறாரு, நீங்களே தினம் டியூட்டிக்குப் போறீங்க. ஐடி பசங்களுக்கு மட்டும் என்ன சொகுசு?"
நான் போறதுக்குக் காரணம் இருக்கு. வீடியோ கால்ல பிரசவம் பாக்க முடியாது. பாம்புக்கடிக்கு மருந்து ஏத்த முடியாது. அதே சமயம், போன்லயே பாக்கக்கூடிய ஆலோசனைக்கு அரசாங்கமே 2020 மார்ச் 25-ல் தொலை மருத்துவ வழிகாட்டுதல் வெளியிட்டது. இ-சஞ்சீவனின்னு சேவையே நடத்துது. எந்த வேலைக்கு உடம்பு வேணும், எதுக்கு வேண்டாம்னு பிரிச்சுப் பாக்க அரசாங்கத்தாலேயே முடியுது.

18/
வருகைப்பதிவு எங்களையும் விடல. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு 75 சதவீத வருகைன்னு தேசிய மருத்துவ ஆணையம் விதி வச்சிருக்கு. 2025 மே 1 முதல் ஆதார் முகப்பதிவு. அதே வருஷம் ஆள் பற்றாக்குறை, வருகைக் குறைவுன்னு தமிழ்நாட்டுல பல அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நோட்டீஸ் வந்தது.

19/
டியூட்டிக்கு வராம சொந்த கிளினிக்ல உக்காந்திருக்குற டாக்டரைப் பிடிக்கணும். அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஏழை ஜனங்க காசு அது. ஆனா முகத்தைப் படம் பிடிக்குற கருவிக்கு அந்த டாக்டர் உள்ள வந்து எத்தனை பேரைப் பாத்தார்னு தெரியாது. பிரேதப் பரிசோதனை செஞ்ச கேஸுக்குக் கோர்ட்டுல சாட்சி சொல்லப் போனவரையும், சும்மா வராதவரையும் அதுவா பிரிச்சுப் பாக்காது. காலி பணியிடத்துக்கு முகமே இல்ல, அதை அது எண்ணவே எண்ணாது.

20/
இதுவரை சொன்னது ஏசி ஆபீஸ். இனி எங்க ஊர் ஆபீஸ்.
வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, எங்க பக்கம் "ஆபீஸுக்குப் போறேன்"னா பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போறேன்னு அர்த்தம். பயராபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். காலையில வேன் வரும், தூக்குவாளியோட அக்காமார் ஏறுவாங்க. ஆபீஸுக்கு ஆள் வந்ததை எண்ணுறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்னா, அது இங்கதான்.

21/
2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கத்துல அச்சங்குளம். ஸ்ரீ மாரியம்மாள் பயர்வொர்க்ஸ். இருபது உயிருக்கு மேல போச்சு. உரிமம் ஒருத்தர் பேர்ல, அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை வாங்கினது வேற ஆட்கள்னு பிறகு வெளிய வந்துச்சு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து வழக்கெடுத்தது.

22/
வெடி விபத்து நடந்த இடத்துல தீயணைப்புக்காரங்க கேக்குற முதல் கேள்வி: "உள்ள எத்தனை பேர்?" ஆம்புலன்ஸ்காரர் கேக்குறதும் அதேதான். ஆஸ்பத்திரியில நாங்க கேக்குறதும் அதேதான். எத்தனை பேருக்குப் படுக்கை, எத்தனை பேருக்கு ரத்தம், யார் பேர் என்ன, யார் வீட்டுக்குச் சொல்லணும். அதுக்குப் பதில் சொல்லவேண்டியது வருகைப் பதிவேடு. குத்தகைக்குக் குத்தகையா கை மாறுன அறையில யார் வச்சிருப்பா பதிவேடு?

23/
ஏன் வைக்கிறதில்ல? ஒரு அறைக்குள்ள இத்தனை பேர்தான் இருக்கணும், இவ்வளவு மருந்துதான் இருக்கணும்னு உரிமத்துல வரம்பு இருக்கு. கூடுதலா ஆள் வச்சா அதை எழுதுற பேப்பரே முதலாளிக்கு எதிரான சாட்சி. ஆக, எழுத மாட்டாங்க. பீஸ் ரேட் ஆளுக்கு எதுக்குக் கணக்குன்னு சொல்லிருவாங்க. சென்னையில ஆள் வரலைன்னு பதிவாகுது. இங்க ஆள் வந்தும் பதிவாகல.

24/
பதிவாகாததோட விளைவைக் கேளுங்க. இ.எஸ்.ஐ.-ல நோய்க்கால உதவித்தொகை வாங்கணும்னா ஆறு மாசப் பங்களிப்புக் காலத்துல 78 நாள் பங்களிப்பு இருக்கணும். இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். வேலையில ஏற்படுற காயத்துக்கு இந்த 78 நாள் நிபந்தனை கிடையாது, முதல் நாள்ல இருந்தே பாதுகாப்பு உண்டு. எல்லாம் நல்ல விதிதான். ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு வேணும்: அந்த அக்கா அங்க வேலை பாத்தாங்கன்னு காட்ட ஒரு வரி எழுத்து.

25/
2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதிச்சது. பேரியம் இல்லாம எப்படிப் பண்றதுன்னு நவம்பர்ல இருந்து மாசக்கணக்குல சிவகாசி ஆலைகள் பூட்டிக் கிடந்துச்சு. அந்த அக்டோபர்–மார்ச் காலத்துல எத்தனை பேருக்கு 78 நாள் சேர்ந்திருக்கும்? தொழிலாளி லீவு போடல. ஆலைதான் லீவு விட்டுச்சு. ஆனா நாள் குறைஞ்சது தொழிலாளி கணக்குல.

26/
இப்ப ரெண்டு ஆபீஸையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. லேப்டாப் வேலைக்கு ஆள் வந்தாரான்னு தசமப் புள்ளி வரை எண்ணுறாங்க, ஏன்னா எண்ணுனா காசு மிச்சம். மருந்து கலக்குற அறையில ஆளை எண்ண மாட்டாங்க, ஏன்னா எண்ணுனா செலவு. பதிவேடு யாருக்கு லாபமோ அவங்களுக்காக மட்டும் எழுதப்படுது. என் கோபம் இதுமேலதான்.

27/
அதனால வருகைப்பதிவே வேண்டாம்னு சொல்லல. எனக்கு வேண்டியது இது:
ஆள் இருந்தே ஆகவேண்டிய இடத்துல, ஆபத்து இருக்குற இடத்துல, அறைவாரியா பேர் எழுதுங்க. வாசல்ல ஒரு நகல் இருக்கட்டும்.
ஆள் இல்லாமலே நடக்குற வேலைக்கு வேலையை அளங்க, நாற்காலியை அளக்காதீங்க.
நோயாளியைப் பாத்துக்குறதுக்குன்னு தனியா ஒரு விடுப்பு வைங்க. அப்பாவுக்கு நோய்னா மகனுக்கு நோய்னு எழுத வேண்டிய அவசியம் போயிரும்.
ரெண்டு நாள் காய்ச்சலுக்கு சர்ட்டிபிகேட் கேக்காதீங்க. அந்த ஆள் ஓய்வெடுக்கணும், எங்க வரிசையில ரெண்டு மணி நேரம் நிக்கக்கூடாது.

28/
வேலை பாக்குற தம்பி தங்கச்சிகளுக்கு: வருகை விதியை எழுத்துல வாங்குங்க. மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு இதெல்லாம் சதவீதக் கணக்குல இருந்து கழிக்கப்படுதான்னு மெயில்ல கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான வசதி செஞ்சுதரணும்னு சொல்லுது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திருச்சு. தனியாக் கேட்டா "பெர்ஃபார்மன்ஸ்" பிரச்சினை ஆகும், சேர்ந்து கேட்டா கோரிக்கை ஆகும்.

29/
பயராபீஸ் போற அக்கா அண்ணாச்சிமாருக்கு: உங்க இ.எஸ்.ஐ. நம்பர், பி.எஃப். நம்பர் என்னன்னு இன்னைக்கே கணக்கப்பிள்ளைகிட்ட கேளுங்க. இல்லைன்னு சொன்னா ஏன் இல்லைன்னு கேளுங்க. எந்த ஆலை, எந்த அறைன்னு வீட்ல தினமும் சொல்லிட்டுப் போங்க. வீட்ல படிக்குற பிள்ளை இருந்தா நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கட்டும். முதலாளி எழுதாத பதிவேட்டை நாமளாவது எழுதி வைப்போம்.

30/
உடம்பு சரியில்லைன்னா வாங்க. ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்ல. பாக்குறேன், ஓய்வு தேவைன்னா எத்தனை நாள் வேணுமோ அத்தனை நாள் சர்ட்டிபிகேட்டும் எழுதித் தர்றேன். ஆனா உங்க கம்பெனி போட்ட தப்பான விதிக்கு மருந்து எங்க ஃபார்மசியில ஸ்டாக் இல்ல. அதுக்கு நீங்க பாக்கவேண்டியது உங்க மேனேஜரை. போகும்போது தனியாப் போகாதீங்க, பக்கத்து சீட்காரரையும் கூட்டிட்டுப் போங்க.